கூலியை முதலில் எழுது கண்ணு

கேள்வி: அக்கா, இரண்டு வயது முதல் ஆறு வயது வரையுள்ள பெண் குழந்தைகளுக்குக் காட்டன் கவுன் தைத்து விற்கிறேன். நெஞ்சுப் பக்கம் கையாலேயே ஸ்மாக்கிங் (துணியைச் சுருக்கி, சுருக்கத்தின் மேல் நூல் வேலை) போடுவேன். ஒரு கவுன் 350 ரூபாய். மூன்று மாதத்தில் 42 கவுன் போய்விட்டது, ஆனால் கையில் காசே நிற்கவில்லை. வீட்டில் என்னைச் செலவாளி என்கிறார்கள். விலையை ஏற்றலாம் என்றால், "ஈரோட்டுச் சந்தையில 150க்கே கவுன் கிடைக்குதுங்களே" என்கிறார்கள். என் கணக்கைத் தனித்தாளில் எழுதி வைத்திருக்கிறேன். எவ்வளவு வைத்தால் நியாயம்?
- ஒரு வாசகி, பவானி

பதில்: உன் தாளை இரண்டு தடவை பார்த்தேன் கண்ணு. துணி, லைனிங், பட்டன், லேஸ் எல்லாம் பைசா விடாமல் எழுதியிருக்கிறாய். உன் கூலியை எழுதவே இல்லை.

நான்கு வயதுக் கவுனையே எடுத்துக்கொள்வோம். ஒன்றரை மீட்டர் துணி, மீட்டர் 120 என்று 180 ரூபாய். லைனிங் 50, எம்பிராய்டரி நூல் 20, மற்ற சில்லறைச் சாமான் 25. ஆக 275. விற்பது 350க்கு, மிச்சம் 75. வெட்ட அரை மணி, மிஷினில் ஒன்றரை மணி, ஸ்மாக்கிங்குக்கு இரண்டரை மணி, பட்டன் கட்டி அயர்ன் செய்து மடிக்க அரை மணி என்று நீயே எழுதியிருக்கிறாய். ஐந்து மணி நேரத்துக்கு 75 என்றால் மணிக்கு 15. எட்டு மணி நேரம் குனிந்து தைத்தாலும் 120தான். நூறு நாள் வேலைக்கே தமிழ்நாட்டில் 2025-26இல் ஒரு நாள் கூலி 336 ரூபாய். 42 கவுனும் சேர்ந்து உனக்கு மிஞ்சியது 3,150. அதில் மிஷின் மோட்டார் ரிப்பேருக்கு 1,200 போயிருக்கிறது, மூன்று மாத பஸ் செலவும் போயிருக்கிறது. நீ செலவாளி இல்லை. இந்தத் தாளை வீட்டிலும் காட்டு.

காங்கயத்தில் கடை போடுவதற்கு முன் ஆறு வருஷம் திருப்பூரில் பனியன் கம்பெனியில் பவர் டேபிள் என்கிற மோட்டார் தையல் மிஷின் ஓட்டினேன். ஷிப்டோ பீஸ் ரேட்டோ, டெய்லர் கூலியைப் பேசிவிட்டுத்தான் மிஷினில் உட்காருவார். சென்னிமலைத் தறிக்காரரும் போர்வைக்கு இத்தனை என்று கூலி பேசிய பிறகுதான் பாவு ஏற்றுவார். வீட்டில் தைக்கிற பெண்கள்தான், எல்லாம் போக மிஞ்சுவதைக் கூலி என்று வாங்கிக்கொள்கிறோம். நானும் முதல் நான்கு வருஷம் அப்படித்தான் இருந்தேன். ஒரு கல்யாண வீட்டுக்கு ஒன்பது ஜாக்கெட் தைத்துக் கொடுத்தேன். லைனிங் கடைப் பாக்கியைக் கட்டிவிட்டு வந்து பார்த்தால் கையில் 140 ரூபாய். மூன்று ராத்திரி தூங்காமல் தைத்தது. அன்றைக்கு வந்த ஆற்றாமையில் மகளின் பழைய சிலேட்டை எடுத்து மிஷின் பக்கத்தில் மாட்டினேன். உட்காரும்போது மணியை எழுதுவேன், எழுந்தால் எழுதுவேன், நடுவில் பால் காய்ச்சப் போனால் அதைக் கழித்துவிடுவேன். லைனிங் ஜாக்கெட் ஒரு மணி நேர வேலை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சிலேட்டில் இரண்டு மணி பத்து நிமிஷம் வந்தது. ஹூக் வைப்பதையும் கையால் ஹெம்மிங் போடுவதையும் அதுவரை வேலையாகவே நான் எண்ணியதில்லை. நீயும் பத்து நாள் அப்படி எழுதிப் பார். ஐந்து மணி என்பது ஐந்தரையாகக்கூட இருக்கும்.

மணிக்கு எவ்வளவு என்பதை உன் ஊரில் கேட்டு முடிவு செய். பக்கத்து வீட்டுப் பெண் தைக்கிற வேலைக்கே வெளியே போனால் ஒரு நாளைக்கு என்ன வாங்கிவருகிறாளோ, அதை எட்டால் வகு. கணக்குக்கு நான் 60 என்று வைக்கிறேன். ஐந்து மணிக்கு 300. துணியும் சாமானும் 275. கரண்ட், ஊசி, எண்ணெய், மிஷின் தேய்மானம், பஸ் இவற்றுக்கெல்லாம் கவுனுக்கு 30. அடக்கம் 605 வந்துவிட்டது. இதன்மேல் நூற்றுக்குப் பன்னிரண்டாவது வைக்க வேண்டும். வெட்டில் கெட்டுப்போகிற துணி, விற்காமல் தங்குகிற கவுன், நாளைக்கு ஓரம் அடிக்கிற ஓவர்லாக் மிஷின் வாங்க வேண்டிய காசு எல்லாம் அதிலிருந்துதான் வரும். ஆக 680 ரூபாய். இப்போது நீ வாங்குவதில் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு.

பயப்படாதே. கூலியில் கை வைக்காமல் மற்றதைக் குறைக்க வழி இருக்கிறது. மீட்டர் கணக்கில் சில்லறையாகத் துணி எடுப்பதை நிறுத்து. உன் ஊரிலிருந்து ஈரோடு எட்டிப் பிடிக்கிற தூரம்தான். திங்கள் ராத்திரி தொடங்கி செவ்வாய் வரை கூடுகிற ஜவுளிச் சந்தைக்குப் போய், இன்னும் இரண்டு பெண்களைச் சேர்த்துக்கொண்டு முழுத் துணிச் சுருளாக எடு. மீட்டர் 90க்குப் படிந்தால் ஒரு கவுனுக்கு 45 ரூபாய் மிச்சம். ஒவ்வொன்றாக வெட்டாமல் நான்கு மடிப்பாகப் போட்டு வெட்டினால், ஒரு கவுனுக்குக் கால் மணி போதும். இப்போது சாமான் 230, நாலே முக்கால் மணிக்குக் கூலி 285, மேல்செலவு 30, அடக்கம் 545. லாபம் 80 வைத்து 625க்குக் கொடு. அதுவும் முடியாது என்பவர்களுக்கு ஸ்மாக்கிங் வரிசையைப் பாதியாக்கி இன்னொரு கவுன் தை. ஒன்றேகால் மணி குறையும், 540க்குக் கொடுக்கலாம். 350க்குக் கேட்டால் ஸ்மாக்கிங்கும் லைனிங்கும் இல்லாத சாதாக் கவுனைத்தான் காட்ட வேண்டும், அதற்கும் இதே கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு.

அந்த 150 ரூபாய்க் கவுனைப் பற்றிச் சொல்கிறேன். அது திருட்டுமில்லை, மாயமுமில்லை. கம்பெனியில் துணியை அடுக்கடுக்காக விரித்து ஒரே தடவையில் வெட்டிவிடுவார்கள். ஒருவர் தோள் மூட்டுவார், ஒருவர் கை ஏற்றுவார், ஒருவர் அடி மடிப்பார், கைமடிக்கிற பெண்கள், அதாவது உதவிக்கு நிற்பவர்கள், எடுத்துக் கொடுப்பார்கள். ஒரு கவுன்மேல் ஒரு டெய்லரின் கை சில நிமிஷம்தான் படும். திருப்பூர் காதர்பேட்டையில் எக்ஸ்போர்ட்டில் மிஞ்சியதும் சின்னக் குறையுள்ள செகண்ட்ஸும் மலிவாகவே கிடைக்கும். அந்த விலையோடு நீ ஓடக் கூடாது. விசைத்தறி ஜமக்காளத்தின் விலையோடு ஓடிப்பார்த்து உன் ஊரில் எத்தனை குழித்தறி நின்றுபோனது என்று என்னைவிட உனக்குத் தெரியும். 150 என்று சொல்கிறவர்களிடம் சண்டை வேண்டாம். "அது நல்லாத்தானுங்க இருக்கும், எடுத்துக்குங்க. இது கையில போட்டது" என்று சொல்லி, உள்பக்கத்தைத் திருப்பிக் காட்டு. பிரியாத தையலும், அடுத்த வருஷம் இறக்கிவிட அடியில் விட்டிருக்கிற இரண்டு அங்குல மடிப்பும் கண்ணில் பட்டால் பாதிப் பேர் யோசிப்பார்கள். மீதிப் பேர் போகட்டும்.

கடைக்குக் கொடுக்கலாமா என்றும் கேட்டிருந்தாய். ரொக்கத்துக்கு எடுத்தால் 625 கவுனை 560க்குக் கொடு, அதற்குக் கீழே இறங்காதே. "வித்த பொறகு காசு" என்றால் வேண்டாம். ஒரு கடையில் அப்படி 18 பாவாடை சட்டை கொடுத்து வைத்தேன். ஆறு மாதம் கழித்து ஏழு திரும்பி வந்தது, கண்ணாடியோரம் தொங்கி ஒரு பக்கம் வெளுத்து. மீதிக்கு இன்று வரை காசு இல்லை.

கேள்வி: நோம்பி வந்தால் நங்கையா, கொழுந்தியா, அவர்கள் பக்கத்து வீட்டுக்காரர் என்று ஜாக்கெட் குவிந்துவிடும். நூல் காசு மட்டும் கொடுப்பார்கள். கேட்டால் உறவு கெடும், கேட்காவிட்டால் என் பிழைப்பு கெடுகிறது.
- ஒரு வாசகி, உடுமலைப்பேட்டை

பதில்: வாயால் கேட்கச் சங்கடமாக இருந்தால் சுவர் கேட்கட்டும் அம்மிணி. சாதா ஜாக்கெட், லைனிங் ஜாக்கெட், பைப்பிங் வைத்தது, நாட் கட்டியது, ஃபால்ஸ் அடிப்பது என்று தனித்தனிக் கூலியைப் பெரிய எழுத்தில் எழுதி, உள்ளே நுழைந்ததும் தெரிகிற இடத்தில் ஒட்டிவிடு. சொந்தக்காரர்களுக்கு என்று வேறு பலகை கிடையாது.

சொந்தத்துக்கு நான் செய்வது வேறு. காதுகுத்து, சீர், முதல் பிறந்தநாள் என்று வந்தால், அந்தக் குழந்தைக்குப் பட்டுப்பாவாடை என் கையால் தைத்துத் தட்டில் வைத்துக் கொடுப்பேன். அது என் சீர், அதற்கு ஒரு பைசா வாங்க மாட்டேன். மற்ற நாளில் பலகையில் இருப்பதுதான். என் சொந்த நங்கையாவே முதல் தடவை முகம் சுளித்துக்கொண்டு போனார். எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. அடுத்த மாரியம்மன் நோம்பிக்கு அவரே மூன்று ஜாக்கெட் கொண்டுவந்து, கூலியை மிஷின் மேல் வைத்துவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

நோம்பிக்குப் பத்து நாள் முன்னால் துணி வாங்குவதை நிறுத்திவிடு. அதற்குப் பிறகு வருவதற்கு அவசரக் கூலி, பாதி முன்பணம். இதையும் அந்தப் பலகையிலேயே எழுது.

கேள்வி: அளவு ஜாக்கெட் கொடுத்துத் தைத்த பட்டு ஜாக்கெட் உடம்பை இறுக்கிப் பிடிக்கிறது என்று வாடிக்கையாளர் திருப்பிக் கொண்டுவந்தார். பிரித்துத் தைக்கக் கூலி கேட்கலாமா?
- ஒரு வாசகி, தாராபுரம்

பதில்: முதல் தடவை கேட்காதே, பதினைந்து நாளுக்குள் வந்தால். ஒரு தடவை பிரித்துத் தைக்கிற அரை மணியை முதலிலேயே கூலியில் சேர்த்து வை. அளவு ஜாக்கெட் பழையதாக இருந்தால் துவைத்துத் துவைத்துத் தளர்ந்திருக்கும், அல்லது உடம்பு ஏறியிருக்கும். அதனால் அதை மட்டும் நம்பாமல் டேப் வைத்து ஆளையும் அளந்து நோட்டில் எழுது. பட்டு என்றால் பக்கவாட்டில் உள்ளே ஒன்றரை அங்குலம் விடாமல் மூட்டவே கூடாது. வெட்டே தப்பிப் போய், பிரித்துவிட உள்ளே துணியும் இல்லை என்றால் அது உன் தவறு. கடைக்குப் போய் அதே பட்டு வாங்கித் தைத்துக் கொடுத்துவிடு. நானும் இரண்டு தடவை வாங்கிக் கொடுத்திருக்கிறேன், இரண்டு பேரும் இன்னும் என்னிடம்தான் தைக்கிறார்கள்.