காலப் பயணத்தின் நிஜமான ஆபத்தைச் சொன்ன எழுத்தாளர் யார், அவருக்கு அது எங்கிருந்து வந்தது?

என் பதில் அமெரிக்கக் கறுப்பின எழுத்தாளர் ஆக்டேவியா பட்லர். 1979-இல் வெளிவந்த அவருடைய 'கிண்ட்ரெட்' நாவலை நான் பலருக்கும் கட்டாயப்படுத்திப் படிக்கக் கொடுத்திருக்கிறேன்.

காலப் பயணத்தின் ஆபத்து என்றாலே பெரும்பாலான கதைகளில் ஒரே பயம்தான்: கடந்த காலத்தில் கைவைத்தால் நிகழ்காலம் குலைந்துவிடும். பட்லர் அதைத் தலைகீழாக்கினார். கடந்த காலம் உன்னை என்ன செய்யும் என்று கேட்டார்.

கதையின் நாயகி டேனா, 1976-இல் லாஸ் ஏஞ்சல்ஸில் வாழும் கறுப்பினப் பெண், எழுத்தாளர். திடீரென்று, அடிமைமுறை இருந்த பத்தொன்பதாம் நூற்றாண்டின் மேரிலாந்து மாநிலத்துக்கு இழுக்கப்படுகிறாள். இயந்திரம் எதுவும் கிடையாது. ரூஃபஸ் என்கிற வெள்ளைக்காரப் பையன், ஒரு பண்ணை முதலாளியின் மகன், உயிருக்கு ஆபத்தில் மாட்டும்போதெல்லாம் அவள் அங்கே போய் நிற்பாள். தன் உயிர் போய்விடும் என்று அவள் நிஜமாகவே நடுங்கினால்தான் திரும்ப முடியும். அந்தப் பையன் அவளுடைய மூதாதை. அவன் வழியில் ஒரு குழந்தை பிறக்கும்வரை அவனைக் காப்பாற்றியே ஆகவேண்டும், இல்லையென்றால் அவளே இல்லை. அதற்காக, அவன் ஆசைப்படும் ஆலிஸ் என்ற பெண்ணை அவனிடம் போகச் சொல்லிப் பேசவேண்டிய நிலைக்கு டேனா வருகிறாள். கடந்த காலத்துக்குப் போய்த் தாத்தாவைக் கொன்றால் என்ன ஆகும் என்பது பழைய புதிர். இங்கே தாத்தாவை வாழவைப்பதுதான் கொடுமை.

சவுக்கடியைவிட என்னை அதிகம் உலுக்கியது, அவள் அந்த வாழ்க்கைக்குப் பழகிப்போவது. அடிமைக் குழந்தைகள் ஏலம் விடும் விளையாட்டு விளையாடுவதை ஒரு கட்டத்தில் பார்க்கிறாள். மனிதர்களை அடிமைத்தனத்துக்குப் பழக்குவது இவ்வளவு சுலபமா என்று அப்போதுதான் அவளுக்கு உறைக்கிறது. அவளுடைய வெள்ளைக்காரக் கணவன் கெவின் அங்கேயே ஐந்து வருடம் மாட்டிக்கொள்கிறான். திரும்பி வந்தபின் தன் வீட்டிலேயே அவனுக்கு இடம் கொள்ளவில்லை.

சரி, இது எங்கிருந்து வந்தது? பட்லர் 1947-இல் கலிஃபோர்னியாவின் பாசடேனாவில் பிறந்தவர். சிறுவயதிலேயே அப்பா இறந்துவிட்டார், அம்மா வீட்டு வேலை செய்து வளர்த்தார். பன்னிரண்டு வயதில் தொலைக்காட்சியில் ஒரு மட்டமான செவ்வாய்க் கிரகப் படத்தைப் பார்த்து, இதைவிட நன்றாக நானே எழுதுவேன் என்று அறிவியல் புனைவு எழுதத் தொடங்கினார். இந்தக் கதையைத்தான் எல்லோரும் சொல்வார்கள். என்னைக் கேட்டால் அம்மாதான் பெரிய தாக்கம். வேலை செய்யும் வீடுகளில் அம்மா பின்வாசல் வழியாக நுழைவதையும், அவர் அங்கே நிற்கும்போதே அவரைப் பற்றி மற்றவர்கள் பேசுவதையும், அவர் வாய் திறக்காமல் இருப்பதையும் சிறுமியாகப் பார்த்தவர் பட்லர். அம்மா அதையெல்லாம் பொறுத்துக்கொண்டதால்தான் தன் வயிறு நிறைந்தது என்று பின்னால் புரிந்துகொண்டார்.

அப்புறம் கல்லூரியில், கறுப்பர் உரிமை இயக்கத்தில் ஈடுபாடுள்ள ஒரு மாணவன், நம்மை இவ்வளவு காலம் பின்னுக்கு இழுத்த பழைய தலைமுறையைக் கொல்ல வேண்டும்போல் இருக்கிறது, ஆனால் என் பெற்றோரிடமிருந்தே தொடங்க வேண்டியிருக்குமே என்ற பொருளில் பேசினான். அவனுக்குச் சொன்ன பதில்தான் 'கிண்ட்ரெட்'. பணிந்து போனவர்களின் இடத்தில் நீ நின்று பார், எத்தனை நாள் தாங்குவாய் பார்க்கலாம் என்கிற பதில்.

முதலில் நாயகனாக ஓர் ஆணைத்தான் வைத்து எழுதினார். இந்தக் காலத்து ஆண் நிமிர்ந்து பார்க்கும் பார்வைக்கே அங்கே கொன்றுவிடுவார்கள், கதை நகராது என்று தெரிந்ததும் பெண்ணாக மாற்றினார். ஆய்வுக்காகப் பேருந்திலேயே மேரிலாந்துவரை போனார். ஜார்ஜ் வாஷிங்டனின் மவுண்ட் வெர்னான் பண்ணையையும் பார்த்தார். அங்கே சுற்றிக்காட்டியவர்கள் அடிமைகள் என்று வாய் தவறியும் சொல்லாமல் 'வேலைக்காரர்கள்' என்றே சொன்னார்களாம். விடுதலையானவர்கள் எழுதிவைத்த வாழ்க்கைக் கதைகளையும் நிறையப் படித்தார். அதில் இருந்த கொடூரத்தை அப்படியே எழுதினால் யாரும் படிக்க மாட்டார்கள் என்று குறைத்துத்தான் எழுதியிருக்கிறார். இந்த நாவலில் அறிவியல் இல்லை, இது அறிவியல் புனைவே இல்லை என்பதும் அவர் சொன்னதுதான்.

டேனா கடைசியில் இடது கையை இழந்து திரும்புகிறாள். அவளை முழுசாகத் திரும்பி வரவிட பட்லருக்கு மனம் வரவில்லை. அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன்.

நாவலை முடித்ததும், அடிமைத்தனத்திலிருந்து தப்பி வந்த ஃப்ரெடரிக் டக்ளஸ் 1845-இல் எழுதிய தன்வரலாற்றையும் எடுத்துப் படியுங்கள். அவர் அடிமையாகப் பிறந்தது அதே மேரிலாந்தின் கிழக்குக் கரையில்தான்.