கிரீன் கார்டு குழந்தைகளின் மருத்துவக் காப்பீடு: யார் பணம், எவ்வளவு பணம்?

டெக்சஸில் ஒரு சிறுவர் மருத்துவ நிலையத்தில் பதினான்கு ஆண்டுகளாகக் காப்பீட்டு விண்ணப்பம் நிரப்பித் தரும் வேலையில் இருக்கிறேன். அமெரிக்காவுக்குச் சட்டப்படி வந்த குழந்தைகளுக்கு அரசு தரும் காப்பீடு பற்றியும் அதன் செலவு பற்றியும் வந்த கேள்விகளுக்குப் பதில் சொல்கிறேன்.

கேள்வி: அக்கா, கிரீன் கார்டு இருந்தும் அரசுக் காப்பீட்டுக்கு ஐந்து ஆண்டு காத்திருக்க வேண்டும் என்கிறார்களே, உண்மையா?

பெரியவர்களுக்குப் பெரும்பாலும் உண்மை. 1996 ஆகஸ்ட் 22 அன்று அதிபர் கிளின்டன் கையெழுத்திட்ட சட்டம், அதற்குப் பின் வந்தவர்களுக்கு மெடிக்கெய்டை, அதாவது குறைந்த வருமானத்தினருக்கான அரசு மருத்துவக் காப்பீட்டை, ஐந்து ஆண்டுகள் தடுத்தது. அகதிகள் போன்ற சிலருக்கே விலக்கு. மறு ஆண்டு குழந்தைகளுக்கென்றே 'சிப்' என்ற காப்பீட்டுத் திட்டம் வந்தது. தடை அதற்கும் பொருந்தியது. 2009 பிப்ரவரி 4 அன்று ஒபாமா கையெழுத்திட்ட சட்டம்தான், குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் காத்திருக்க வைக்காமல் சேர்க்கும் உரிமையை மாநிலங்களுக்குத் தந்தது. குழந்தைகள் விஷயத்தில் 35-க்கும் மேற்பட்ட மாநிலங்கள் அதை ஏற்றுள்ளன. டெக்சஸ் உண்டு, ஃப்ளோரிடா 2016-இல் சேர்ந்தது.

கேள்வி: பத்து ஆண்டுகளாக வரி கட்டுகிறேன், என் குடும்பக் காப்பீட்டுக்கும் மாதந்தோறும் கட்டுகிறேன். நேற்று வந்தவரின் பிள்ளைக்கு என் பணம் ஏன் போக வேண்டும்?

கோபம் நியாயமானதுதான் ஐயா. இது இலவசம் என்று நான் சொல்ல மாட்டேன், செலவு உண்டு. ஆனால் அளவைப் பாருங்கள். மெடிக்கெய்டில் இருப்பவர்களில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பேர் குழந்தைகள். செலவில் அவர்கள் பங்கு ஐந்தில் ஒன்றுக்கும் குறைவு. முதியோர் பராமரிப்பும் மாற்றுத்திறனாளிகளின் சிகிச்சையும்தான் பெருந்தொகை. குழந்தைக்குத் தேவைப்படுவது தடுப்பூசி, பல், கண்ணாடி, காய்ச்சலுக்கு மருந்து. 2009-இல் சிப் திட்டத்தை விரிவாக்கியபோது பணம் முக்கியமாகப் புகையிலை வரியிலிருந்து வந்தது. ஒரு சிகரெட் பாக்கெட்டுக்கான மத்திய வரி 39 சென்டிலிருந்து 1.01 டாலராக உயர்ந்தது.

நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். ஏழு வயதுப் பையன், ஆஸ்துமா. கிரீன் கார்டு வந்து ஓராண்டுகூட ஆகவில்லை. ஐந்து ஆண்டுத் தடை பையனுக்கும் உண்டு என்று நம்பிப் பெற்றோர் விண்ணப்பிக்கவே இல்லை. அம்மா கைப்பையிலிருந்து எடுத்துக் காட்டிய இன்ஹேலரின் எண் காட்டியில் மூன்று சுழியம். அது தீர்ந்து பல நாளாகியும், இரவில் அதையே அழுத்திக் கொடுத்திருக்கிறார். அதற்கு முந்தைய வாரம்தான் மூச்சுத் திணறிப் பையனை அவசரப் பிரிவில் சேர்த்து, இரண்டு இரவு மருத்துவமனையில் வைத்திருந்தார்கள். ஒரு மாத மருந்துக்கு ஆகும் தொகை எங்கே, அந்த இரண்டு இரவின் பில் எங்கே!

அந்தப் பில்லை அவர்களால் கட்ட முடியாது. அப்போது கட்டுவது யார்? தகுதியில்லாதவர்களின் அவசர சிகிச்சைக்கு 'அவசர மெடிக்கெய்டு' என்று ஒன்று உண்டு. அதுவும் வரிப் பணம். டல்லாஸ், ஹியூஸ்டன் பக்கம் வீடு வைத்திருந்தால் உங்கள் சொத்து வரி ரசீதைப் பிரித்துப் பாருங்கள். மருத்துவமனை மாவட்டம் என்று தனி வரி இருக்கும். கதவைச் சாத்தினாலும் உங்கள் பணம் போகத்தான் செய்கிறது. குழந்தை மோசமான பிறகு போகிறது, அவ்வளவே.

கேள்வி: இதில் மாநில அரசுக்குக் கூடுதல் சுமைதானே?

புதிதாகச் சேர்க்கும் மாநிலத்துக்கு ஆம். ஆனால் 2009-க்கு முன்பே சில மாநிலங்கள் இந்தக் குழந்தைகளுக்குத் தம் கைப்பணத்தில் முழு டாலரும் செலவழித்து வந்தன. அவற்றுக்கு இது மிச்சம். மெடிக்கெய்டில் மத்திய அரசு குறைந்தது பாதியைத் தருகிறது. சிப்பில் பங்கு இன்னும் அதிகம்.

கேள்வி: போட்ட பணம் அரசுக்கு எப்போதாவது திரும்புமா?

ஓரளவு. 1980-களின் தொடக்கத்தில் பிறந்தவர்களின் வரிக் கணக்குகளை வைத்துப் பொருளியல் ஆய்வாளர்கள் பார்த்தார்கள். சிறு வயதில் மெடிக்கெய்டு கூடுதலாகக் கிடைத்தவர்கள் வளர்ந்து கூடுதல் வரி கட்டினார்கள். 60 வயதுக்குள் செலவில் பாதிக்கு மேல் அரசுக்குத் திரும்பும் என்று கணித்தார்கள். அது எல்லாக் குழந்தைகளையும் பற்றிய ஆய்வு, குடியேறியவர்களை மட்டும் தனியாகப் பார்க்கவில்லை. இங்கேயே வளர்ந்து இங்கேயே வேலை பார்க்கப் போகிற பிள்ளைக்கு மட்டும் கணக்கு மாறும் என்று நினைக்க எனக்குக் காரணம் தெரியவில்லை.

கேள்வி: என் அண்ணன்தான் எங்களுக்கு ஸ்பான்சர். மகளைச் சேர்த்தால் பில் அவர் தலையில் விழுமா?

விழாது தங்கச்சி. ஸ்பான்சர், அதாவது உங்களை அழைத்துக்கொண்டவர், தரும் உறுதிமொழிப் பத்திரம், நீங்கள் பெறும் சில அரசு உதவிகளின் செலவுக்குப் பொதுவாக அவரைப் பொறுப்பாக்கும். ஆனால் 2009 சட்டத்தின் வழியே குழந்தைக்குக் கிடைக்கும் காப்பீட்டுச் செலவு ஸ்பான்சரின் கடனாகாது என்று அந்தச் சட்டமே சொல்கிறது. அண்ணனிடம் தைரியமாகச் சொல்லுங்கள்.

கேள்வி: எச்-1பி பணி விசாவில் பார்த்த வேலை போய்விட்டது. அதோடு சேர்ந்த குடும்ப விசாவான எச்-4-இல் இருக்கும் மகனுக்கு வழி உண்டா? பின்னாளில் கிரீன் கார்டுக்குப் பாதகமா?

செல்லுபடியாகும் விசாவில் இருக்கும் குழந்தையும், மாநிலம் இந்த ஏற்பாட்டில் சேர்ந்திருந்து வருமானம் வரம்புக்குள் இருந்தால், விண்ணப்பிக்கலாம். வேலை போனால் பொதுவாக 60 நாள் அவகாசம்தான். அதற்குள் உங்கள் விசா நிலையைச் சரிசெய்வது முதல் வேலை. அரசை நம்பி வாழ்வார் என்று கருதினால் கிரீன் கார்டை மறுக்கும் பொதுச் சுமை விதியில், 2022-இல் வெளியான வடிவத்தில், குழந்தையின் மெடிக்கெய்டு கணக்கில் வராது, அரசு செலவில் நீண்ட காலம் பராமரிப்பு நிலையத்தில் தங்கினாலொழிய. ஆனால் ஆட்சி மாறும்போது இந்த விதியையும் மாற்றப் பார்க்கிறார்கள். 2019-இல் அப்படித்தான் நடந்தது. பயந்துபோய்க் குடியுரிமை உள்ள குழந்தைகளையே திட்டத்திலிருந்து எடுத்துவிட்டார்கள் சிலர். அதனால் கையெழுத்திடும் முன் குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரிடம் அரை மணி நேரம் பேசிவிடுங்கள். பிறகு பாஸ்போர்ட், ஐ-94 என்ற நுழைவுப் பதிவு, கடைசிச் சம்பளச் சீட்டு, வேலை நீக்கக் கடிதம் நான்கையும் ஒரே உறையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள்.