மாணவர்களுக்குக் கட்டுரை எழுதக் கற்றுத்தர ஆசிரியர்களுக்கு நடத்தும் பயிற்சிகளால் உண்மையில் பயன் உண்டா?

கேள்வியைப் பார்த்தால், நீங்கள் அண்மையில் பணியில் சேர்ந்த தமிழாசிரியர் என்று தோன்றுகிறது. ஒன்பதாம், பத்தாம் வகுப்புகளைக் கையில் கொடுத்திருப்பார்கள். வட்டார வள மையத்துக்கு வரச்சொல்லிப் பயிற்சி ஆணை வந்திருக்கும். போகாமல் தப்பிக்க வழியுண்டா என்பதைத்தான் நாகரிகமாகக் கேட்கிறீர்கள். தவறாக ஊகித்திருந்தால் மன்னிக்கவும்.

அரசு உயர்நிலைப் பள்ளியில் 19 ஆண்டுகளாகத் தமிழ் நடத்துகிறேன். போன பயிற்சிகளுக்குக் கணக்கில்லை. காலையில் வருகைப் பதிவு, திரையில் படக்காட்சி, குழுவுக்கு ஒரு சார்ட், ஸ்கெட்ச் பேனா, மாலையில் பின்னூட்டப் படிவம். 'படைப்பாற்றலை வளர்த்தல்' என்று சார்ட்டில் எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டு பஸ் ஏறிவிடுவோம். எழுத்தைப் பற்றி நாள் முழுக்கப் பேசுவோம். கையெழுத்துப் போடுவதைத் தவிர வேறு எதையும் எழுத மாட்டோம்.

ஒரே ஒரு பயிற்சி மட்டும் வேறு மாதிரி நடந்தது. அதற்கும் காரணம் மின்வெட்டுதான்.

ஐந்து நாள் பயிற்சியில் நான்காம் நாள். பத்து மணிக்கே மின்சாரம் போய்விட்டது. படக்காட்சி ஓடாது. கருத்தாளராக வந்திருந்த அம்மையார் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ஆளுக்கொரு தாள் கொடுத்து, "கடைசியாக நீங்கள் கோபப்பட்ட நாளைப் பற்றி எழுதுங்கள், இருபது நிமிடம்" என்றார். நாற்பது தமிழாசிரியர்கள். சிலர் சிரித்தார்கள், சிலர் வெளியே போய்விட்டார்கள். நான் எழுதினேன். 'சினம் மனிதனின் முதற்பகை. சினமென்னும் சேர்ந்தாரைக் கொல்லி என்றார் வள்ளுவர்' என்று தொடங்கி, முன்னுரை, பொருளுரை, முடிவுரை என ஒன்றும் குறையாமல் ஒரு பக்கம். ஒற்றுப்பிழைகூடக் கிடையாது.

தாளைப் பக்கத்தில் இருப்பவரிடம் மாற்றிக்கொள்ளச் சொன்னார். திருத்தக் கூடாது, கேள்வி மட்டும் கேட்கலாம் என்பது நிபந்தனை. என் தாளை வாங்கியவர் என்னைவிடப் பத்து வயது இளையவர். படித்துவிட்டுத் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "நன்றாக இருக்கிறது ஐயா. ஆனால் நீங்கள் எப்போது கோபப்பட்டீர்கள்?"

என்னிடம் பதில் இல்லை என்பதல்ல. பதில் நன்றாகவே தெரிந்திருந்தது. அதற்கு முந்தைய வாரம் மழைநீர் சேகரிப்பு பற்றி ஒன்பதாம் வகுப்பில் கட்டுரை எழுதச் சொல்லியிருந்தேன். ஒரு பையன் வழிகாட்டி நூலில் உள்ளதை அப்படியே எழுதி, நடுவில் சொந்தமாக ஒரு வரி சேர்த்திருந்தான்: 'எங்கள் வீட்டில் மழை வந்தால் கூரைக்குக் கீழே பாத்திரம் வைத்து நீரைச் சேகரிப்போம்.' கிண்டல் செய்கிறான் என்று எண்ணி அந்த வரியைச் சிவப்பு மையால் அடித்தேன். வகுப்பில் நிற்க வைத்துத் திட்டி, கட்டுரையை மூன்று முறை எழுதி வரச் சொன்னேன்.

இரண்டாவது தாளில் இதை எழுதினேன். இளையவர் மறுபடியும் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "என்ன பாத்திரம் ஐயா?" எனக்குத் தெரியாது.

திங்கட்கிழமை அவனிடமே கேட்டேன். இரண்டு குண்டான், ஒரு அன்னக்கூடை என்றான். கட்டிலுக்கு மேலே ஒழுகும் இடத்துக்கு அன்னக்கூடையாம், வாய் அகலம் என்பதால். அதை எழுதித் தா என்றேன். ஒன்றரைப் பக்கம் எழுதினான். லகர ளகரப் பிழை மட்டும் பதினொன்று. கட்டுரை ஏட்டில் அவன் சொந்தமாக எழுதிய முதல் பக்கம் அதுதான்.

இலக்கணம் வேண்டாம் என்று நான் சொல்வதாக நினைத்து யாரும் சண்டைக்கு வர வேண்டாம். பிழை திருத்துகிறேன். ஆனால் ஒரு கட்டுரைக்கு ஒரு வகைப் பிழை மட்டும். இந்த முறை லகர ளகரம் என்றால் ஒற்றுப்பிழையைத் தொட மாட்டேன். ஓரத்தில் இரண்டு கேள்வி எழுதி, அதற்கேற்ப மாற்றி எழுதச் சொல்கிறேன். 47 பேர் வகுப்பில் இது முடியுமா என்றால், ஒரே நாளில் முடியாது. நாளுக்கு எட்டு ஏடு எடுக்கிறேன். மெல்லக் கற்போர் என்று நாம் பிரித்து உட்கார வைக்கும் பிள்ளைகளின் ஏடுகளை முதலில் எடுப்பேன். ஜனவரிக்கு மேல் பத்தாம் வகுப்பில் இதையெல்லாம் செய்வதில்லை, அதையும் ஒப்புக்கொள்கிறேன். முன்பு பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பொதுத்தேர்வில் கட்டுரைக்கும் கடிதத்துக்கும் இரண்டாம் தாள் என்று தனி இடம் இருந்தது. 2019-20 முதல் இரண்டு தாளையும் ஒன்றாக்கிவிட்டார்கள். கட்டுரை, கடிதம், படிவம் நிரப்புதல், 'காட்சியைக் கண்டு கவினுற எழுதுக' எல்லாம் செய்யுள், உரைநடையோடு அந்த 100 மதிப்பெண்ணுக்குள் நெருக்கியடித்து நிற்கின்றன. தேர்ச்சி விழுக்காடு குறைந்தால் விளக்கக் கடிதம் எழுதப் போவது நான்தானே.

அந்த அம்மையார் செய்தது புதிதல்ல என்று பின்னால் தெரிந்துகொண்டேன். கலிபோர்னியாவின் பெர்க்கிலி பல்கலைக்கழகத்தில் 1974இலேயே ஜேம்ஸ் கிரே என்பவர் கோடை விடுமுறையில் ஆசிரியர்களைக் கூட்டி இதைத் தொடங்கியிருக்கிறார். வந்தவர்கள் தாங்களே எழுதினார்கள், ஒருவர் எழுதியதை மற்றவர் படித்தார்கள், தம் வகுப்பில் பலித்ததை மற்ற ஆசிரியர்களுக்குக் காட்டினார்கள். பிறகு அது அமெரிக்கா முழுவதும் பரவியது. 'உடனே அமெரிக்காவைப் பார் என்கிறார்' என்று எழுதத் தயாராக இருப்பவர்களுக்கு: நான் பார்த்தது எங்கள் வட்டார வள மையத்தில்தான், அதுவும் மின்சாரம் இல்லாத நாளில்.

ஆகவே போய் வாருங்கள். 2020 தேசியக் கல்விக் கொள்கை ஆசிரியருக்கு ஆண்டுக்கு 50 மணி நேரப் பயிற்சி என்கிறது. மணிக்கணக்கை யார் வேண்டுமானாலும் கூட்டிக் காட்டலாம். எழுத வைக்காவிட்டால், தேநீர் இடைவேளையில் பக்கத்தில் இருப்பவரோடு தாள் மாற்றிக்கொள்ளுங்கள். அதற்கு ஆணை தேவையில்லை.

ஒன்று மட்டும். பயணப்படி தருவார்கள் என்று நம்பிக் கடன் வாங்காதீர்கள். அந்த ஐந்து நாளுக்குப் போக வர இரண்டு பஸ் மாறினேன். படிவத்தை மூன்று முறை நிரப்பிக் கொடுத்தேன். முதல் முறை காணாமல் போனது, இரண்டாம் முறை தேதி சரியில்லை என்றார்கள், மூன்றாம் முறை அந்த இருக்கையில் இருந்தவர் மாறுதலாகிப் போய்விட்டார். நான்கு ஆண்டுகள் ஆகின்றன. டிக்கெட்டுகள் என் கட்டுரை நோட்டுக்குள் இருக்கின்றன. மை அழிந்து வெள்ளைத் தாளாகிவிட்டன.