குற்றமில்லாதவரை ஏன் துன்புறுத்துகிறார்கள்? கிறிஸ்தவம் என்ன சொல்கிறது?

நீதிக்காகத் துன்பப்படுவது என்றால், தப்பு செய்யாமல், சரியாக நடந்ததற்காகவே அடிபடுவது. காரணம் பெரும்பாலும் பொறாமை. தன் செயல் தீயது, தம்பி ஆபேலின் செயல் நல்லது என்பதால்தான் காயீன் அவனைக் கொன்றான் என்கிறது பைபிளில் உள்ள யோவானின் முதல் கடிதம். இயேசுவைத் தலைமைக் குருக்கள் பொறாமையால் ஒப்படைத்தார்கள் என்பது அவரை விசாரித்த ரோம ஆளுநர் பிலாத்துவுக்கே தெரியும் (மாற்கு 15:10). ஆனாலும் கூட்டத்தைத் திருப்திப்படுத்தச் சிலுவைக்கு அனுப்பினான். எனக்கு அந்தக் கோழைத்தனம்தான் அதிகம் வலிக்கிறது.

கடலூர் முதுநகர் மீன் சந்தையில் ஒரு அக்கா மட்டும் எடை குறைக்காமல் விற்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் யாரையும் குறை சொல்லவே வேண்டாம். அவருடைய தராசே பக்கத்துக் கடைக்காரருக்கு உறுத்தும்.

அப்புறம், கிறிஸ்தவர் படும் எல்லாத் துன்பமும் இதில் சேராது: திருடியோ கொலை செய்தோ துன்பப்படுவது வேறு என்று பேதுருவின் முதல் கடிதம் (4:15) தெளிவாகவே பிரிக்கிறது.