பசளை கட்டி பிடிக்குதா? உங்க கேள்விகளும் என்ட பதில்களும்

வத்தளை ஸ்டோர்ஸ்ல யூரியா வச்சிருக்கோம் அண்ணா, கூரை ஒழுகல்ல, ஒரு சொட்டு தண்ணி படல்ல, யன்னல் எல்லாம் திறந்து காத்தும் விடுறோம். அப்பிடியும் ஏன் கட்டியாகுது?

அந்தத் திறந்த யன்னல்தான் தம்பி பிரச்சினையே. 30 பாகை வெப்பத்துல காத்துல ஈரப்பதன் 72-75 வீதத்தத் தாண்டினா யூரியா தானாவே காத்துல இருக்குற தண்ணிய இழுக்கத் தொடங்கிரும், கொழும்புப் பக்கம் ராவுலயும் விடியக்காலைலயும் அநேகமா அதுக்கு மேலதான் இருக்கும். ராவுல குறுணி மேல்பக்கம் லேசா கரையும், பகல்ல காயும், காயுறப்ப பக்கத்துக் குறுணியோட சேந்து பளிங்காகி ஒட்டிக்கும், இது நாளுக்கு நாள் நடந்தா கட்டி பிடிக்காம என்ன செய்யும். ஒரு பைய வெட்டிப் பாருங்க, ஓரத்துல ரெண்டு விரல் அளவுக்கு இறுகி நடுவுல உதிரியா இருந்தா பெரும்பாலும் வெளிக்காத்துதான் காரணம். யன்னல், கதவ சாத்துங்க, அடுக்கின பைகள பொலித்தீன் போட்டு முழுசா மூடுங்க. எம்.ஓ.பி (பொட்டாசியம் குளோரைட்டுப் பசளை) 84 வீத ஈரப்பதன் வரைக்கும் தாங்கும், இடம் போதாட்டி மூடின பக்கத்த யூரியாவுக்குக் குடுங்க.

யூரியா, டி.எஸ்.பி (ட்ரிபிள் சூப்பர் பொஸ்பேட் பசளை), எம்.ஓ.பி மூண்டையும் கலந்து பை கட்டி விக்கலாமா?

கட்டி வைக்காதீங்க. டி.எஸ்.பிக்குள்ள பளிங்கோட சேந்து தண்ணி இருக்கு, யூரியா பட்டா அது வெளிய வந்துரும், மூடின பைக்குள்ளயே எல்லாம் பிசுபிசுத்துப் போகும். காசு குடுத்து வாங்குற விவசாயிக்கு அது வீசவே வராது. கலக்கத்தான் வேணும்னா போடுற அண்டைக்கே கலந்து அண்டைக்கே போட்டு முடிக்கச் சொல்லுங்க.

எத்தன பை உயரம் அடுக்கலாம்?

கனக்க நாள் கிடக்கப்போற பைகள உயரமாக்காம பதிவா அடுக்குங்க, பாரம் கூடினா அடிப்பை அமுங்கி ஒட்டும். சீமெந்துத் தரைல நேரா வைக்காம பலகை போடுங்க, பழசு முதல்ல வெளிய போகட்டும்.

நாங்க சின்னதா என்.பி.கே (நைதரசன், பொசுபரசு, பொட்டாசியம் மூண்டும் சேந்த பசளை) குறுணி செய்றோம், கட்டி பிடிக்காம எந்தப் பவுடர் போடலாம்?

களிமண் பவுடர், டால்க், எண்ணெய்ப் பூச்சு எல்லாம் இருக்குது, ஆனா பவுடருக்கு முன்னுக்கு நல்லா காய வைங்க, ஆற வைங்க, தூள சலிச்சு எடுங்க. சூட்டோட பைல போட்டா உள்ள ஆறுறப்ப உப்பு பளிங்காகி முழுப் பையும் இறுகிரும், அதுக்குப் பிறகு எந்தப் பவுடரும் உதவாது.

இறுகின யூரியாவ உடைச்சுப் பாவிக்கலாமா அண்ணா?

தாராளமா, மரச்சுத்தியலால தட்டி உடைங்க, வெறுமனே கட்டியானதால அதுல இருக்குற 46 வீத நைதரசன் எங்கயும் போயிராது. ஆனா அமோனியம் நைத்திரேற்று கலந்த பசளைன்னா கதையே வேற. 1921ல ஜேர்மனில ஒப்பாவுல அப்பிடி இறுகின குவியல வெடி வச்சு இளக்கப் போய் தொழிற்சாலையே வெடிச்சு 500 பேருக்கு மேல செத்துப்போனாங்க, முன்னுக்கு எத்தனையோ தடவை அதே மாதிரி வெடி வச்சு ஒண்டும் ஆகாததால ஒருத்தரும் பயப்படல்ல. அதால முதல்ல பைல எழுதியிருக்குறத வாசிங்க, நைத்திரேற்று எண்டு இருந்தா நெருப்பும் வேணாம், வெடியும் வேணாம், குடுத்த கம்பெனிக்கு அறிவிச்சு அவங்க சொல்ற விதமா மட்டும் செய்யுங்க.