முயல் காலையிலிருந்து தின்னவில்லை, புழுக்கையும் போடவில்லை. என்ன செய்வது?

கேள்வி: மொட்டை மாடியில் தகரக் கூரை போட்டு நான்கு முயல் வளர்க்கிறேன். தாய் முயலுக்கு ஒன்றரை வயது, இரண்டு கிலோ இருக்கும். மற்ற மூன்றும் ஆறு வாரக் குட்டிகள். இன்று காலையிலிருந்து தாய் எதையும் தொடவில்லை. கேரட்டை நீட்டினால் முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொள்கிறது. மூலையில் உடம்பைக் குறுக்கிக்கொண்டு பல்லை நறநறவென்று கடிக்கிறது. மிளகு அளவில் நாலைந்து புழுக்கை போட்டது, பிறகு அதுவும் இல்லை. பக்கத்து வீட்டில் ஓமத் தண்ணீர் புகட்டச் சொல்கிறார்கள். மருந்துக் கடையில் கேட்டதற்குக் குழந்தைகளுக்கான ஆன்டிபயாடிக் சிரப் தந்தார்கள். கொடுக்கலாமா? குட்டிகளுக்கும் முன்கூட்டியே ஏதாவது கொடுக்க வேண்டுமா?
வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: அம்மா, உங்கள் செய்தி எனக்கு வந்தபோது இரவு ஒன்பதரை. பதில் அச்சாகி வருகிறவரை முயலின் வயிறு காத்திருக்காது என்பதால்தான் அப்போதே உங்களைக் கூப்பிட்டேன். அன்று பேசியதையும், அவசரத்தில் சொல்லாமல் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். ராயபுரம், கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி என்று நம் பக்கம் மாடியில் முயல் வளர்க்கிற வீடுகள் நிறைய. இதே மாதிரி ஒரு இரவு அவர்களுக்கும் வரலாம்.

போனை எடுத்ததும் நான் கேட்டது, "அந்த சிரப்பைக் கொடுத்துவிட்டீர்களா?" என்றுதான். இல்லை என்றீர்கள். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அமாக்சிசிலின், ஆம்பிசிலின், கிளிண்டமைசின் போன்ற ஆன்டிபயாடிக் மருந்துகளை முயலுக்கு வாய்வழியாகக் கொடுக்கவே கூடாது. முயலின் குடலில் சீக்கம் என்று ஒரு பெரிய பை உண்டு. தின்ற புல்லைப் புளிக்க வைத்துச் சத்தாக மாற்றுகிற நுண்ணுயிரிகள் அதில்தான் குடியிருக்கின்றன. இந்த மருந்துகள் அவற்றை அழித்துவிடும். காலியான இடத்தில் கிளாஸ்டிரிடியம் என்கிற கெட்ட கிருமி பெருகி நஞ்சைக் கக்கும். சில நாளில் தண்ணீராகக் கழிந்து முயல் செத்துப்போகும். சில வருடம் முன்பு வியாசர்பாடியிலிருந்து ஒரு பையன் அட்டைப்பெட்டியில் வெள்ளை முயலைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தான். மூன்று நாளாக வேளை தவறாமல் சிரப் கொடுத்திருந்தான். எந்த மருந்து என்று ஒரு தாளில் எழுதியும் வைத்திருந்தான். அவ்வளவு அக்கறை. அந்த முயலை எங்களால் காப்பாற்ற முடியவில்லை. இன்றைக்கும் யாராவது "சிரப்" என்றால் எனக்கு அந்தத் தாள்தான் கண்ணில் நிற்கிறது.

அடுத்து உங்களைக் காதையும் வயிற்றையும் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். காது வெதுவெதுப்பாக இருந்தால் கொஞ்சம் அவகாசம் இருக்கிறது என்று பொருள். சில்லிட்டு, முயலும் துவண்டு கிடந்தால் உடம்பு அதிர்ச்சி நிலைக்குப் போய்விட்டது. அப்போது துண்டில் சுற்றி, வெந்நீர் பாட்டிலைத் துணியில் பொதிந்து பக்கத்தில் வைத்து, எந்த நேரமானாலும் ஆட்டோ பிடிக்க வேண்டியதுதான். வயிற்றை, விலா எலும்பு முடிகிற இடத்துக்குப் பின்னால் விரல் நுனியால் மெல்ல அழுத்திப் பார்க்க வேண்டும். நல்ல முயலுக்கு மெத்தென்று இருக்கும். உங்களுடையதைத் தொட்டுவிட்டு, "பிசைஞ்ச மாவு மாதிரி இருக்கு சார், அமுக்குனா குழி விழுது" என்றீர்கள். அந்த ஒரு வார்த்தை எனக்குப் போதுமானதாக இருந்தது. குடலின் இயக்கம் நின்றுபோயிருக்கிறது, உள்ளே இருப்பது தண்ணீர் வற்றி இறுகிக்கொண்டிருக்கிறது. பறை போல விறைத்துத் தட்டினால் டம்மென்று கேட்டிருந்தால் அது வேறு கதை. அது உப்புசம், இல்லாவிட்டால் அடைப்பு. முயலால் வாந்தி எடுக்க முடியாது. உள்ளே சேருகிற வாயுவுக்கு மேல்வழி கிடையாது. அந்த நிலையில் வாய்வழியாக எதையும் தள்ளாமல், சில மணி நேரத்துக்குள் மருத்துவரிடம் சேர்க்க வேண்டும்.

காது வெதுவெதுப்பு, வயிறு மாவுப் பதம் என்பதால் அன்றிரவு வீட்டில் சிலதைச் செய்யச் சொன்னேன். ஊசி கழற்றிய சிரிஞ்சில் வெதுவெதுப்பான தண்ணீர். முன்பல்லுக்குப் பின்னால், வாயின் பக்கவாட்டு இடைவெளி வழியாக, அரை மில்லி, ஒரு மில்லியாக. அது விழுங்கிய பிறகுதான் அடுத்தது. மல்லாக்கப் படுக்க வைத்துக் கரண்டியால் ஊற்றினால் நுரையீரலுக்குள் போய்விடும். ஓமத் தண்ணீர் வேண்டாம் என்றதற்கு அதுவும் ஒரு காரணம். கடை பாட்டிலாக இருந்தால் அதில் சர்க்கரையும் இருக்கும், நின்றுபோன குடலில் சர்க்கரை வாயுவைத்தான் கூட்டும். பிறகு பெல்லட்டை, அதாவது கடையில் விற்கிற குச்சித் தீவனத்தை, வெந்நீரில் ஊற வைத்து மசித்து, முயலின் எடையில் கிலோவுக்கு 10 மில்லி கணக்கில் சிறிது சிறிதாக. நடுவில் தரையில் இறக்கி நாலு தாவு தாவ விடுவது. நமக்குத் தெரிந்த வலி மாத்திரை எதுவும் கூடாது.

காலையில் நீங்கள் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுபோனது நல்ல காரியம். 1903இல் தொடங்கிய பழைய கல்லூரி, நமக்குக் கூப்பிடு தூரத்தில் இருப்பது நம் பாக்கியம். அங்கே தோலுக்கடியில் திரவம் ஏற்றி, வலிக்கும் குடல் இயக்கத்துக்கும் ஊசி போட்டார்கள். வலி நிற்காமல் முயல் தின்னாது, தின்னாமல் குடல் நகராது. அந்த முடிச்சை அவிழ்க்க மருத்துவரால்தான் முடியும். இன்னொன்று: மனிதருக்குச் சொல்வது போல "வெறும் வயிற்றோடு கூட்டி வாருங்கள்" என்பது முயலுக்குப் பொருந்தாது. அறுவை சிகிச்சைக்குக்கூட முயலைப் பட்டினி போடுவதில்லை.

மூன்றாம் நாள் விடியற்காலை எனக்கு ஒரு படம் அனுப்பினீர்கள். செய்தித்தாள் மேல் ஏழு புழுக்கை. சிறியவை, கோணல்மாணலானவை, இரண்டு மட்டும் முடியில் கோத்த மணி மாதிரி. நான் அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன்.

"முடி அடைத்துக்கொண்டதா?" என்று கேட்டிருந்தீர்கள். தன்னைத்தானே நக்கிச் சுத்தம் செய்கிற பிராணி என்பதால் முயலின் வயிற்றில் எப்போதும் கொஞ்சம் முடி இருக்கும். குடல் ஓடுகிறவரை அது புழுக்கையோடு வெளியே போய்விடும். ஓட்டம் நின்று தண்ணீர் வற்றும்போதுதான் திரளாகக் கட்டுகிறது. பெரும்பாலும் முடி விளைவுதான், காரணம் வேறு இடத்தில் இருக்கும். உங்கள் வீட்டில் என்ன தீனி என்று கேட்டபோது அது கிடைத்துவிட்டது: மார்க்கெட்டில் கழித்த முட்டைக்கோஸ் இலை, கேரட், மீந்த சோறு, பிள்ளைகள் ஊட்டுகிற பிஸ்கட், ஒரு கிண்ணம் பெல்லட். புல் கிடையாது. அதோடு மே மாத வெயிலில் தகரக் கூரை. முயலுக்கு வேர்க்காது, பெரும்பாலும் காது வழியாகத்தான் சூட்டை வெளியேற்றும். 30 டிகிரியைத் தாண்டினாலே திணறும். சூட்டில் தண்ணீர்க் கிண்ணம் கொதித்தால் அது குடிக்காது. குடிக்காத முயல் தின்னவும் செய்யாது.

முயலின் குடலை ஓட வைப்பது நார். தட்டில் முக்கால் பங்குக்கு மேல் புல்லும் உலர்புல்லும்தான் இருக்க வேண்டும், இரவு பகல் எந்நேரமும் எதிரில். அதன் பல் மாதம் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளரும். அதைத் தேய்ப்பதும் புல்தான். தேயாத கடைவாய்ப்பல் நாக்கைக் குத்தினால் பசி இருந்தும் தின்னாது, குடலும் நின்றுவிடும். வெளிநாட்டு உலர்புல் விலை கட்டாது என்றால் அருகம்புல், கோ-4 தீவனப்புல், வேலிமசால் ஆகியவற்றை வாங்கி நிழலில் இரண்டு மூன்று நாள் உலர்த்துங்கள். தொழுவத்து வைக்கோல் சத்தில்லாதது, பூஞ்சணம் இல்லாமல் இருந்தால் கொறிக்கப் போடலாம். கால்வாய்க் கரையிலும் தண்டவாள ஓரத்திலும் அறுத்த புல் வேண்டாம். சாக்கடை நீர், நாய்க் கழிவு, கொசு மருந்து எல்லாம் அதில் படிந்திருக்கும். கேரட் விரல் நுனி அளவு போதும். பெல்லட் ஒரு நாளைக்கு, முயலின் எடையில் கிலோவுக்கு 20 முதல் 25 கிராம். சோறும் பிஸ்கட்டும் அறவே கூடாது, பிள்ளைகள் அழுதாலும். ஆனால் மாற்றத்தை ஒரே நாளில் செய்யாதீர்கள், பத்து நாளில் படிப்படியாக.

தினமும் காலையில் கூண்டைக் கூட்டும்போது புழுக்கையைப் பார்த்துவிட்டுக் கொட்டுங்கள். நல்ல முயல் ஒரு நாளைக்கு 200, 300 போடும். சிறு கொண்டைக்கடலை அளவு, உருண்டை, உடைத்தால் உள்ளே காய்ந்த புல்தூள். அளவு சிறுத்தால், எண்ணிக்கை குறைந்தால் அதுவே முதல் சேதி, பல நேரம் தீனி நிற்பதற்கு முன்பே வந்துவிடும். இன்னொரு வகையும் உண்டு. மணத்தக்காளிப் பழக் கொத்து போலக் கறுப்பாய், பளபளவென்று, வாடையோடு இருக்கும். அது சீக்கத்திலிருந்து வருகிற சத்துள்ள கழிவு. முயல் அதைப் பின்புறத்திலிருந்து நேராக வாயில் வாங்கித் தின்றுவிடும். பார்த்து அருவருக்க வேண்டாம், தடுக்கவும் வேண்டாம். அது தின்னப்படாமல் கூண்டில் நசுங்கிக் கிடந்தால் மாவுச்சத்து அதிகமாகிவிட்டது, முயல் பருத்துவிட்டது, அல்லது முதுகோ பல்லோ வலிக்கிறது. பலர் அதைப் பேதி என்று எண்ணிப் பதறுகிறார்கள். நிஜப் பேதி தண்ணீராக வரும், வால் முழுக்க நனையும். அது வந்தால் அன்றைக்கே மருத்துவமனை.

குட்டிகளைப் பற்றி. முன்கூட்டியே எந்த மருந்தும் வேண்டாம். ஆறு வாரத்தில் நீங்கள் கவனிக்க வேண்டியது ரத்தக்கழிச்சல். காக்சிடியா என்கிற ஒட்டுண்ணியால் வருவது, வயிறு பானை போல முன்னால் தள்ளி, முதுகெலும்பு துருத்தி, கழிந்துகொண்டே மெலியும். அதன் முட்டை புழுக்கையில் வெளியே வந்து, ஈரத்தில் ஓரிரு நாளில் நோய் பரப்பும் பக்குவத்துக்கு வந்துவிடும். தினமும் சுத்தம் செய்தால் அந்தப் பக்குவம் வருமுன்னே வெளியேற்றிவிடலாம். சாதாரணக் கிருமிநாசினிக்கு அது அசையாது. கம்பிவலைத் தரையைக் கழற்றிக் கொதிநீர் ஊற்றி, வெயிலில் காய வையுங்கள். தகரக் கூரைமேல் தென்னங்கீற்று போட்டு, மதியம் ஈரச் சாக்கு தொங்கவிடுங்கள், ஆனால் தரை காய்ந்தே இருக்கட்டும். மூன்று குட்டிகளின் புதுப் புழுக்கையை ஒரு சின்ன டப்பாவில் எடுத்துக்கொண்டு வேப்பேரிக்குப் போங்கள். நுண்ணோக்கியில் பார்த்துச் சொல்வார்கள். மருந்து வேண்டுமா, எவ்வளவு என்பதை அதற்குப் பிறகு அவர்களே எழுதித் தரட்டும்.

தாயை இன்னும் இரண்டு வாரம், தினமும் காலையில் சமையலறைத் தராசில் ஒரு கூடையோடு வைத்து எடை போட்டு எழுதி வையுங்கள். 100 கிராம் குறைந்தாலோ, 12 மணி நேரம் தின்னாவிட்டாலோ கூப்பிடுங்கள், எத்தனை மணியானாலும் சரி.