இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரில் ஒரே ஒரு நாள் கிடைத்தால் எதைப் பார்க்கலாம்?

பழைய நகரத்தை விட்டு வெளியே செல்ல வேண்டாம் என்பதே என் பரிந்துரை. கிரேக்கர்கள் வகுத்த தெருக்களின் அமைப்பு ஏறத்தாழ 2,500 ஆண்டுகளுக்குப் பின்னும் அங்கே பெரும்பாலும் அப்படியே இருப்பதால், கடைக்காரர்களின் கூவலுக்கும் ஸ்கூட்டர்களின் இரைச்சலுக்கும் நடுவே ஸ்பக்கனாப்போலி தெருவில் நடப்பதே பெரிய அனுபவம். சான் லொரென்சோ மஜ்ஜோரே தேவாலயத்தின் அடியில் இறங்கினால், ரோமானியர் காலத்துச் சந்தையின் தெருவையும் அதன் ஓரத்துக் கடைகளையும் காணலாம். இதை மட்டும் தவறவிடாதீர்கள். சான்செவெரோ சிற்றாலயத்தில், ஜுசெப்பே சான்மார்ட்டினோ 1753-இல் பளிங்கில் செதுக்கிய, மெல்லிய துகில் போர்த்திய கிறிஸ்துவின் சிலையைக் காண முன்பதிவு செய்துகொள்வது நல்லது. இச்சிற்றாலயத்துக்கும், எரிமலைச் சாம்பலில் புதைந்த பண்டைய ரோமானிய நகரமான பொம்பேயியின் சுவரோவியங்கள் உள்ள தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்துக்கும் வழக்கமாகச் செவ்வாய்க்கிழமை விடுமுறை என்பதால், வேறொரு நாளைத் தேர்ந்தெடுங்கள்.